சந்தனப் பொட்டுக்குள் நீல விளக்கு

"தீப்பிடிச்சு எரிஞ்சாக்கூட வாயத் தொறக்க மாட்டியா நீ?"

சாரதாமணி டீச்சர் என்னிடம் இப்படிக் கேட்டது ஒன்பதாம் வகுப்பில். அன்று காலை அறிவியல் அறைக்குள் ஒரு பாம்பு நுழைந்ததை நான் பார்த்திருந்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வார்த்தை வரவில்லை. நோட்டில் மட்டும் எழுதினேன்: '9.10. அறிவியல் அறை. சாரைப் பாம்பு போலிருக்கிறது.' மூன்றாவது பீரியடில் பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். யாரையும் கடிக்கவில்லை. ஆனால் என் நோட்டு டீச்சர் கையில் சிக்கிவிட்டது. அவர் அந்தப் பக்கத்தோடு நிறுத்தவில்லை. முந்தைய பக்கங்களையும் வகுப்புக்கே கேட்கும்படி வாசித்தார். யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு வீட்டில் அடி விழுகிறது, எல்லாம். அவரைப் பற்றி எழுதியிருந்த பக்கம் வந்ததும்தான் மூடினார். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

நோட்டு எழுதுவதை மட்டும் விட முடியவில்லை.

இப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் ஒரு ஹேச்சரியில் வேலை செய்கிறேன். முட்டையைக் குஞ்சாக்கி விற்கிற இடம். என் கையெழுத்தைப் பார்த்து ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார்கள். நாளுக்கு ஆறு தடவை கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். பெட்டி என்றால் ஆள் நின்று நடக்கும் உயரத்துக்கு இருக்கும். ஒன்றுக்குள் பதினெட்டாயிரம் முட்டை. யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. ரெஜிஸ்டருக்கு அடியில் என் நோட்டு இருக்கும். அது யாருக்கும் தெரியாது.

பெட்டிகளை நடத்துவது ஒரு சாப்ட்வேர். அது எங்கள் கம்ப்யூட்டருக்குள் இல்லை. எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு இணையம் வழியாக வருகிறது. எங்கள் ஆட்கள் யாரும் போனில் பாஸ்வேர்டு போட்டுச் சூட்டைப் பார்க்கலாம். மாற்ற வேண்டுமென்றால் நிர்வாகியின் பெயரில் நுழைந்திருக்க வேண்டும். அந்தப் பெயரில் நுழைந்தால் மட்டும் திரையின் மூலையில் ஒரு பல்சக்கரப் படம் தெரியும். அதை அழுத்தித்தான் எதையும் மாற்ற முடியும். பெட்டியின் முகப்பிலும் பட்டன்கள் உண்டு. போன வருஷம் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் எதையோ அழுத்தி நாலாயிரம் குஞ்சுகள் செத்தன. அதன்பிறகு அந்தப் பட்டன்கள் வேலை செய்யாதபடி பூட்டிவிட்டார்கள்.

நிர்வாகி, பெரியசாமி ஐயா. அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

எங்கள் ஹேச்சரியில் எது புதிதாக வந்தாலும் ஐயா பெயரில்தான் எழுதுவார்கள். போர்வெல், வேன், டெலிபோன் எல்லாம் அப்படித்தான். சாப்ட்வேர் வாங்கியபோதும் முதல் பெயர் அவருடையது. அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லையாம். இறந்த பிறகும் அவருடைய மருமகள் உஷாராணி அம்மா அதை மாற்ற விடவில்லை. இப்போது ஹேச்சரியை நடத்துவது அவர்தான். தினமும் காலையில் ஐயா பெயரில் பாஸ்வேர்டு போட்டுத் திறப்பார். மூலையில் 'பெரியசாமி' என்று வரும். அந்த இடத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு இரண்டு மணி நேரம் யாரும் மவுஸைத் தொடாவிட்டால் அது தானாக மூடிக்கொண்டு மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். நான் மத்தியானம் ட்ரே கழுவப் போய்விட்டு வந்தால் அப்படிக் கேட்டு நிற்கும். அம்மா வந்து போட்டுவிட்டுப் போவார்.

ஆயுத பூஜை அன்று காலையில் சேலம் அம்மாபேட்டையிலிருந்து தனசேகர் வந்தார். எங்கள் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவர்தான் பார்ப்பார். வேகமாகப் பேசுவார். வேலையை விட்டுப் போன ஒருவன் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து எங்கள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. அதற்காகத்தான் அவரை வரச் சொன்னார்.

"இனிமே எல்லாத்துக்கும் ஒரே சாவி மேடம்," என்றார் தனசேகர். "கம்பெனி மெயிலுக்கு எது பாஸ்வேர்டோ, அந்த வழியாத்தான் சாப்ட்வேருக்குள்ளயும் போகணும். ஆளு வேலைய விட்டா மெயிலை நிறுத்துவோம். அத்தனை கதவும் அவனுக்கு மூடிக்கும்."

"பூஜைக்கு முன்னாடி முடிச்சுருங்க தம்பி. நல்ல நாளுல ஆரம்பிச்ச மாதிரி இருக்கட்டும்."

அவர் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐயா பெயரில் திறந்திருந்த திரையிலேயே வேலையை ஆரம்பித்தார். வருகைப் பதிவிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லிச் சேர்த்தார். அம்மா பெயரும் அவர் பெயரும் சேர்த்து முப்பத்தெட்டுப் பெயர்.

"அவ்வளவுதானே மேடம்? வேற யாரும் இல்லையே?"

"அவ்வளவுதானுங்க."

வருகைப் பதிவில் இறந்தவர் பெயர் எப்படி இருக்கும்? மூலையில் பெரியசாமி என்று அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. தினமும் இருக்கிற பெயர்.

தனசேகர் ஏதோ அழுத்தினார். திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்தது. அதே நேரம் அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். கட்டம் அப்படியே நின்றது. திரையில் வருகிறதை எழுதி எழுதிப் பழகிய கை. நோட்டை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன். இங்கிலீஷ். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அவர் திரும்பி வந்து கட்டத்தைப் படிக்காமலே சரி என்று அழுத்தினார். தன் போனில் புது வழியாக நுழைந்து பார்த்தார்.

"பாருங்க மேடம், உள்ள வந்துட்டேன். முடிஞ்சுது வேலை."

அவர் போன் என் முகத்துக்கு நேரே இருந்தது. பெட்டிகளின் சூடு தெரிந்தது. மூலையில் பல்சக்கரம் இல்லை.

நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன்.

"என்னம்மா, என் மூஞ்சில படமா ஓடுது?" என்றார்.

காளிதாஸ் அண்ணன் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி அவர். "அது பேசாதுங்க சார். பேருதான் அறிவுச்செல்வி. ரெண்டு வருசத்துல என்கிட்டப் பேசுனது நாலு வார்த்த. அதுல மூணு 'சரிங்ணா'."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். மணி 11.40.

அம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். "அம்முணி, கம்ப்யூட்டர ஆப் பண்ணித் தொடச்சுப் பொட்டு வெச்சுரு. நாளைக்குக் காத்தால வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது." பிறகு தனசேகரிடம், "ஆப் பண்ணுனா ஒண்ணும் ஆவாதுங்களே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது மேடம். பெட்டி பாட்டுக்கு ஓடும்."

எல்லோரும் பூஜை சாமான் எடுக்க வெளியே போனார்கள். அறையில் நான் மட்டும். நோட்டைத் திறந்து, எழுதி வைத்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இதை இயக்குவதற்கு முன் பழைய பாஸ்வேர்டால் நுழையக்கூடிய நிர்வாகி ஒருவரையாவது விட்டுவையுங்கள் என்று இருந்தது. புது வழியில் நிர்வாகி நுழைய முடிகிறதா என்று வேறு விண்டோவில் பார்க்கும்வரை இதிலிருந்து வெளியேறாதீர்கள் என்று இருந்தது. கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். இல்லாவிட்டால் நீங்களே வெளியே வைத்துப் பூட்டப்படுவீர்கள்.

ஐயாவுக்குக் கம்பெனி மெயில் கிடையாது. புது வழி அவரை விடாது. பழைய வழி அடைத்தாகிவிட்டது. இனி நிர்வாகி என்று உள்ளே இருப்பது இந்தத் திரை ஒன்றுதான். இதை ஆப் செய்தால் இங்கே ஒருவராலும் ஒரு டிகிரிகூடக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

"அம்முணி, ஆச்சா?" வெளியிலிருந்து அம்மாவின் குரல்.

மானிட்டரின் பட்டனை மட்டும் அழுத்தினேன். திரை கறுப்பானது. கீழே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முகப்பில் நீலமாக ஒரு சின்ன விளக்கு எரியும். அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தனத்தைக் குழைத்து விளக்கின் மேலேயே தடிமனாக ஒரு பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தேன். நீலம் மறைந்தது. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் எனக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது. பூஜைக்கு வைத்த பொருளைத் தூங்கவிடாமல் ஓட விட்டிருக்கிறேன். ஐயாவுக்கு இது பொறுக்குமா என்று வேறு பயம். நோட்டில் எழுதினேன்: '11.40 கடைசியாகத் தொட்டது. 1.40க்கு மூடிக்கொள்ளும். ஆப் பண்ணவில்லை. திரை மட்டும்.'

அம்மா வந்து கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார். கற்பூரம் காட்டும்போது கரண்ட் போனது. மேசைக்கு அடியில், கம்ப்யூட்டர் நிற்காமல் தாங்குகிற யுபிஎஸ் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"ஆப் பண்ணுனது எதுக்குங்க கத்துது?" என்றார் காளிதாஸ் அண்ணன். "அதையும் நிறுத்தி உடட்டுங்களா?"

அவர் குனிந்தார். சொல், சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் திறந்தது, குரல் வரவில்லை.

"கற்பூரம் எரியறப்ப எங்க குனியற? பேசாம நில்லு," என்று அம்மா அதட்டினார். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. பீப் நின்றது. பூஜை முடிந்து எல்லோரும் வெளியே வந்ததும் அம்மா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கொட்டகையில் இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் வைத்தார்கள். சுவரில் இருந்த கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. 1.05க்குக் காளிதாஸ் அண்ணன் பெட்டிப் பக்கமிருந்து வேகமாக வந்தார்.

"ஏனுங் சார், நாலாம் நம்பர்ல குஞ்சு ஓட்டக் கொத்த ஆரம்பிச்சிருச்சுங்க. இனி அதுங்க ஒடம்புச் சூடே போதும். சூட்ட ஒரு டிகிரி எறக்கணும். ஆபீஸ்தான் பூட்டியாச்சே, உங்க போன்ல கொஞ்சம் எறக்கி உடுங்க."

தனசேகர் இடது கையால் போனை எடுத்தார். ஒரு பக்கம் பார்த்தார். இன்னொரு பக்கம் பார்த்தார். பொங்கல் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"மாத்துற இடமே வரலையே." எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். "மேடம், நீங்க காலையில எந்தப் பேருல திறப்பீங்க?"

"மாமா பேருலதான்."

"அந்தப் பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

அம்மா சொன்னார். அவர் போட்டுப் பார்த்தார். கம்பெனி மெயில் வழியாக வரவும் என்றது. மெயில் வழியாகப் போனார். அப்படி ஒருவர் இல்லை என்றது. சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்தார். விடுமுறை, நாலு நாள் கழித்துக் கூப்பிடவும் என்று ஒரு பெண் குரல் பதிவில் சொன்னது.

"அவங்க எடுத்தாலும் கஷ்டம் மேடம். நிர்வாகியோட லெட்டர் கேப்பாங்க."

"மாமா செத்து மூணு வருசமாச்சு. லெட்டருக்கு எங்க போறது?"

"கதவத் தொறந்து வெக்கலாம்னா ஈரம் போயிருமுங்க," என்றார் காளிதாஸ் அண்ணன். "குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கிட்டு வெளிய வராமயே செத்துரும். தொறக்காம உட்டா உள்ளயே வெந்துரும். பதினெட்டாயிரமுங்க. நாளைக்கு அஞ்சாம் நம்பரு. நாளன்னைக்கு ஆறு."

"நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் திறந்திருந்தா போதும் மேடம். அதுல ஐயா பேருல உள்ள இருந்தோம்," என்றார் தனசேகர். சொல்லிக்கொண்டே அவர் குரல் இறங்கியது. "ஆனா அதை ஆப் பண்ணச் சொல்லிட்டோமே."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடிகாரம் 1.27.

"அம்முணி, நீதான ஆப் பண்ணுன?" அம்மாவின் குரலில் அழுகை இருந்தது.

இல்லை என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. அது வரவில்லை. தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

"சரி, அதைத் திட்டி என்னங்க ஆகப் போவுது? நாமதான சொன்னோம்," என்றார் காளிதாஸ் அண்ணன். "தலையெழுத்து." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

1.30. என் நோட்டு இடுப்பில், தாவணிக்குள் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் சொல்ல வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அதில் மற்றதும் இருக்கிறது. அம்மாவைப் பற்றி, காளிதாஸ் அண்ணனைப் பற்றி, இரண்டு வருஷமாகப் பார்த்ததெல்லாம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். பள்ளிக்கூடத்தையாவது விட்டுவிட்டு வீட்டுக்குள் இருந்துகொள்ள முடிந்தது. இந்த வேலையை விட்டால் எனக்குப் போக இடமில்லை.

பெட்டிக்குள் ஓட்டைக் கொத்துகிற சத்தம், காதை வைத்தால் கேட்கும். மழைத் தூறல் தகரத்தில் விழுகிற மாதிரி இருக்கும்.

நோட்டை எடுத்தேன். அன்றைய பக்கத்தைத் திறந்து, மற்ற பக்கங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தனசேகர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டே இழுத்துப் படித்தார்.

"ஆப் பண்ணலையாமே!" என்று கத்தினார். "மேடம், சாவி! ஒண்ணு நாப்பது வரைக்கும் டைம் இருக்கு!"

ஓடினோம். கதவைத் திறந்ததும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். மாலையும் பொட்டுமாகக் கம்ப்யூட்டர் இருந்தது. ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"பூஜைக்கு வெச்சத எப்படிங்க தொடறது?"

"குஞ்சு ஓட்டக் கொத்திட்டு இருக்குதுங்க," என்றார் காளிதாஸ் அண்ணன்.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா." மாலையை அவரே எடுத்தார். மானிட்டர் பட்டனை நான் அழுத்தினேன். வெளிச்சம் வர ஒரு நொடி ஆனது. மூலையில் பெரியசாமி என்று இருந்தது. அதன் பக்கத்தில் பல்சக்கரம் இருந்தது. மணி 1.36.

தனசேகர் மவுஸைத் தொட்டார். முதலில் நாலாம் நம்பரில் ஒரு டிகிரி குறைத்தார். காளிதாஸ் அண்ணன் பெட்டிக்கு ஓடினார். பிறகு உஷாராணி என்ற பெயருக்கு எதிரே நிர்வாகி என்று மாற்றினார்.

"அப்பாடா. இப்ப இதுல இருந்து வெளிய வந்துட்டு, உங்க பேருல ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துருவோம் மேடம்." அம்பு, வெளியேறு என்ற இடத்துக்குப் போனது.

"தொடாதீங்க!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். என் குரல் அது. அவர் கை மவுஸை விட்டு எழும்பிவிட்டது.

"வெளிய வராதீங்க," என்றேன். "இன்னொரு விண்டோல போய்ப் பாருங்க. மொதல்ல அது வரட்டும்."

அவர் வேறு விண்டோவைத் திறந்தார். அம்மா தன் மெயில் பாஸ்வேர்டைப் போட்டார். உள்ளே போனது. பெட்டிகள் தெரிந்தன. பல்சக்கரம் இல்லை. அவர் மாற்றியது சேமிக்கப்படாமல் நின்றிருந்தது. வெளியேறியிருந்தால் அவ்வளவுதான். தனசேகர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மறுபடி மாற்றி, சேமித்து, மறுபடி நுழைந்தார்கள். இந்தத் தடவை பல்சக்கரம் வந்தது.

"அவசரத்துக்குன்னு ஒரு பேரு இந்தப் புது வழிக்கு வெளியே இருக்கணும் மேடம். பழைய மாதிரி பாஸ்வேர்டுல நுழையற மாதிரி. தினமும் யாரும் தொடாத பேரா இருந்தா நல்லது."

"மாமா பேரே இருக்கட்டும்," என்றார் அம்மா.

ஐயாவுக்கு நீளமாக ஒரு புது பாஸ்வேர்டு வைத்து, அதையும் வேறு விண்டோவில் போட்டுப் பார்த்தார்கள். என் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். கவரில் போட்டு ஒட்டினோம். நாலாம் நம்பர் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று காளிதாஸ் அண்ணன் போன் செய்தார். தனசேகர் பொங்கல்கூடச் சாப்பிடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு சேலம் கிளம்பினார். போகும்போது, "அந்த நோட்டு மட்டும் இல்லைன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு நோட்டு நினைவு வந்தது.

அது அம்மாவின் கையில் இருந்தது. ஓடுகிற அவசரத்தில் தனசேகர் அவரிடம் கொடுத்திருக்கிறார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தார். இன்றைய பக்கத்தைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் நின்றார். நீல மசி சிந்திய பக்கம். அதில் என்ன எழுதினேன் என்று எனக்கு மனப்பாடம். '4.15. அம்மா இன்றும் முட்டை வைக்கும் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். மாமா, என்னால முடியலீங்க என்று சத்தமாகச் சொன்னார். வெளியே வந்து கண்ணில் தூசி என்றார். வாரத்தில் இது மூன்றாவது தடவை.'

அவர் அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. வாய்விட்டு வாசித்தால்கூடத் தேவலை. கம்ப்யூட்டரில் சந்தனம் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. வெடிப்பு வழியாக நீலம் தெரிந்தது.

அம்மா நோட்டை மூடினார். எழுந்து, பணம் வைக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்தார். ஐயாவின் பாஸ்வேர்டு இருந்த கவரை உள்ளே வைத்தார். அதன் மேல் என் நோட்டை வைத்தார். பூட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகினார். என்னைத் தாண்டி வெளியே போனார்.